இரண்டு போர்களுக்கு நடுவே அமெரிக்கா: எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது?

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வுக்கு உலக வரலாறு படிப்பவர்கள், எம்.ஏ. வரலாறு மாணவர்கள், தேர்வு எதுவும் இல்லாமல் ஆர்வத்தில் படிப்பவர்கள் என எல்லோரும் 1919 முதல் 1941 வரையிலான அமெரிக்காவில் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். பாடப்புத்தகம் பொருளாதாரத்தை ஒரு அத்தியாயத்திலும் சமூகத்தை அடுத்ததிலும் வெளியுறவை அதற்கும் அடுத்ததிலும் வைத்திருக்கும், படித்து முடித்தால் கையில் மூன்று பட்டியல்கள் மிஞ்சும். மதுவிலக்கு எந்த ஆண்டு, நியூ டீல் (1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த திட்டங்கள்) எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்லிவிடலாம். ஆனால் ஜெர்மனி பிரான்சுக்குக் கட்டிய போர் இழப்பீட்டுக்கும் நியூயார்க் பங்குச் சந்தைக்கும் என்ன தொடர்பு, 1924-இல் போட்ட ஒரு குடியேற்றச் சட்டம் 1939-இல் ஒரு கப்பலை எப்படித் திருப்பி அனுப்பியது என்று கேட்டால் பதில் வராது.

நான் சொல்லும் வழி இதுதான்: கடனைப் பின்தொடருங்கள். யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எதை நம்பிக் கொடுத்தார்கள், திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் மூன்று அத்தியாயங்களும் தானாக ஒன்று சேரும். எல்லாவற்றுக்கும் கடன்தான் காரணம் என்று சொல்லவில்லை. இனவெறிக்கும் மதச் சண்டைகளுக்கும் தனி வேர்கள் உண்டு. ஆனால் படிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கயிறு இல்லை.

1929-இல் தொடங்காதீர்கள்

முதலில் ஒரு தாளில் ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் 1919, வலது முனையில் 1941 டிசம்பர். 1939 செப்டம்பரில் நிறுத்த வேண்டாம், ஐரோப்பாவில் போர் தொடங்கிய பிறகு அமெரிக்கா வெளியே நின்ற அந்த இரண்டேகால் ஆண்டுகளில்தான் முந்தைய இருபது ஆண்டுகளின் பாடங்கள் எல்லாம் கொள்கையாக மாறின. கோட்டுக்கு மேலே அதிபர்களை எழுதுங்கள்: 1921 மார்ச் வரை வில்சன், பிறகு ஹார்டிங், 1923 ஆகஸ்டில் அவர் பதவியிலேயே இறந்ததும் கூலிட்ஜ், 1929 மார்ச் முதல் ஹூவர், 1933 மார்ச் முதல் ரூஸ்வெல்ட். அவ்வளவு போதும், நிகழ்ச்சிகளைப் போகப் போக நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது எல்லோரும் செய்வது போல நியூயார்க் பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கு ஓடாமல், கான்சஸ் மாநிலத்தில் கோதுமை போடும் ஒரு விவசாயியிடம் போங்கள். பெயர் வேண்டாம், அவரைப் போல லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குச் சோறு போட வேண்டியிருந்ததால் கோதுமை விலை ஒரு புஷலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) 2 டாலரைத் தாண்டியிருந்தது, அரசே விலைக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அவர் பக்கத்து நிலத்தையும் வாங்கினார், டிராக்டர் வாங்கினார், எல்லாம் அடமானக் கடன். 1920-இல் உத்தரவாதம் முடிந்தது, ஐரோப்பிய விவசாயிகள் மறுபடி ஏர் பூட்டினார்கள், 1921-இல் விலை ஏறத்தாழ 1 டாலருக்கு வந்துவிட்டது. விலை பாதியானது, ஆனால் கடன் பாதியாகவில்லை. இந்த ஒரு வரியை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் நடக்கப்போவது இதேதான். 1932-இல் கோதுமை புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே போனது.

அந்த விவசாயிக்குக் கடன் கொடுத்தது யார்? ஊரில் இருந்த சின்ன வங்கி. பல மாநிலங்களில் ஒரு வங்கி கிளை திறக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை, அதனால் 1921 வாக்கில் நாட்டில் சுமார் 30,000 வங்கிகள் இருந்தன, பெரும்பாலானவை ஒரே ஊர், ஒரே பயிர், ஒரே அறுவடையை நம்பியவை. ஊரில் விலை விழுந்தால் வங்கியும் விழும். 1921 முதல் 1929 வரை, நாம் 'செழிப்பான இருபதுகள்' என்று படிக்கும் அதே காலத்தில், 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அப்போது மக்கள்தொகையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் பேர் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். பத்தில் மூன்று பேருக்கு 1920-களே மந்தமாக இருந்தன என்று தெரிந்துகொண்டால், 1929 பங்குச் சந்தைச் சரிவு வானத்திலிருந்து விழுந்த இடி இல்லை என்பது புரிந்துவிடும். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இரண்டு முறை மெக்நாரி-ஹாகன் மசோதாவை நிறைவேற்றி விவசாய விலையைத் தூக்கப் பார்த்தது, கூலிட்ஜ் 1927-இலும் 1928-இலும் வீட்டோ செய்தார்.

விலை விழுந்து கடன் நின்றால் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும், இது எல்லா ஊருக்கும் பொருந்தும். நம்மவர்களுக்கு இதை உணர ஒரு குறுக்குவழி உண்டு: 1930-இல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தபோது, பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்த கடன்கள் வாராக்கடன்களாகி, 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் பெயருக்கு வந்திருந்தது. அவர்கள் விரும்பியது நிலத்தை இல்லை, பணத்தை. அயோவா வங்கிக்காரரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, இதற்குப் பிறகு நகரத்துக்கு வாருங்கள். 1920-இல் நாட்டில் சுமார் 80 லட்சம் கார்கள், 1929-இல் 2 கோடியே 30 லட்சம். 1908-இல் 850 டாலருக்கு விற்ற ஃபோர்டின் மாடல் டி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இலேயே தவணைக் கடனுக்கென்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டது. கார், வானொலி, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம் எல்லாமே தவணையில் கிடைத்தன. 1930-இல் மூன்றில் இரண்டு வீடுகளில் மின்சாரம் இருந்தது, ஆனால் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான். இங்கேயும் கடன்தான், ஆனால் இந்தக் கடன் நம்பியிருந்தது அடுத்த மாதச் சம்பளத்தை. சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

ஒரு வட்டம் வரையுங்கள்

அடுத்து உண்மையிலேயே பேனாவை எடுத்து ஒரு வட்டம் வரையுங்கள். இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனால் மண்டையில் நிற்காது, வரைந்தால் நிற்கும்.

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி முதலான நேச நாடுகள் அமெரிக்க அரசுக்குத் தர வேண்டியிருந்த போர்க்கடன் சுமார் 1,000 கோடி டாலர். போருக்கு முன் வெளிநாட்டுக் கடனில் ஓடிய நாடு, நான்கே ஆண்டுகளில் உலகத்துக்குக் கடன் கொடுக்கும் நாடாகிவிட்டது. பிரான்சும் பிரிட்டனும் அந்தக் கடனைக் கட்ட ஜெர்மனியிடமிருந்து வரும் போர் இழப்பீட்டை எதிர்பார்த்தன. ஜெர்மனியால் கட்ட முடியவில்லை, 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழில் பகுதிக்குள் படையை அனுப்பின, ஜெர்மன் பணம் காகிதமாகிப் போனது. 1924-இல் இழப்பீட்டுத் தவணைகளைச் சீரமைக்க டாஸ் திட்டம் வந்தது. ஜெர்மனிக்கு 80 கோடி தங்க மார்க் கடன் திரட்டப்பட்டது, அதில் பாதிக்கு மேல் நியூயார்க்கில் பத்திரங்களாக விற்றது. அதைத் தொடர்ந்து அமெரிக்கத் தனியார் பணம் ஜெர்மன் நகராட்சிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெள்ளமாகப் போனது.

இப்போது வட்டத்தைப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து பெர்லினுக்கு ஒரு அம்பு, பெர்லினிலிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் ஒரு அம்பு, அங்கிருந்து வாஷிங்டனுக்கு ஒரு அம்பு. பணம் சுற்றி வருகிறது. யாரும் உண்மையில் கடனை அடைக்கவில்லை, அமெரிக்க முதலீட்டாளர் கொடுத்த புதுக் கடன்தான் பழைய கடனுக்குத் தவணையாகக் கட்டப்படுகிறது.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவரும் வரையுங்கள். கடன்பட்ட நாடு டாலர் சம்பாதிக்க வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் பொருள் விற்க வேண்டும். அமெரிக்காவோ 1922-இல் ஃபோர்ட்னி-மெக்கம்பர் சட்டத்தால் இறக்குமதி வரியை உயர்த்தியது, 1930 ஜூனில் ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இன்னும் உயர்த்தியது. இரண்டாவதைக் கையெழுத்திட வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் எழுதிக் கேட்டும் ஹூவர் கையெழுத்திட்டார். 'கடனைத் திருப்பிக் கொடு, ஆனால் உன் சரக்கை இங்கே விற்காதே' என்பதுதான் அந்தப் பத்தாண்டின் அமெரிக்க வெளிப் பொருளாதாரக் கொள்கை. ஸ்மூட்-ஹாலிதான் பெருமந்தத்துக்குக் காரணம் என்று சில குறிப்பேடுகள் எழுதுகின்றன, அதை அப்படியே எழுதாதீர்கள். மந்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது செய்த கேடு வேறு: பிற நாடுகளையும் பதிலுக்கு வரி போட வைத்து, ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்த வாணிபத்தை மேலும் நெரித்து, கடன் கட்டும் வழியை அடைத்தது. 1929-இல் 520 கோடி டாலராக இருந்த அமெரிக்க ஏற்றுமதி 1932-இல் 160 கோடியாகிவிட்டது.

வட்டம் அறுந்தது எங்கே என்று தேடினால் 1928 கிடைக்கும். பங்கு விலை ஏறிக்கொண்டே போனதால் நியூயார்க் பணத்துக்கு உள்ளூரிலேயே நல்ல வருமானம் கிடைத்தது. பங்கு வாங்க தரகர்களுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு 1929-இல் வட்டி 8 சதவீதம், சில நாட்களில் 10-ஐயும் தாண்டியது. அப்படியிருக்க எதற்கு ஹாம்பர்க்குக்குக் கடன்? ஜெர்மனிக்குப் போன பணம் வற்றியது. வால் ஸ்ட்ரீட் சரிவதற்கு முன்பே பெர்லினுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது இதனால்தான்.

சரிவையும் மந்தத்தையும் பிரித்து எழுதுங்கள்

பங்குச் சந்தை சரிந்த 1929 அக்டோபர் 24, 28, 29 ஆகிய தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். 12 கோடி பேர் இருந்த நாட்டில் தரகரிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர்தான். டவ் ஜோன்ஸ் பங்கு விலைக் குறியீடு செப்டம்பர் 3-இல் 381-ஐத் தொட்டது, 1932 ஜூலை 8-இல் 41-க்கு வந்தது. அந்தப் பழைய உச்சத்தை மறுபடி எட்டியது 1954-இல்தான். இவை மனதை உலுக்கும் எண்கள், ஆனால் நான்கில் ஒருவருக்கு வேலை போனதற்குப் பங்குச் சந்தை மட்டும் விளக்கம் ஆகாது. விளக்கம் வங்கிகளில் இருக்கிறது.

வங்கிச் சரிவுகளைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். 1930 நவம்பரில் டென்னசியின் கால்டுவெல் நிதி நிறுவனம் விழுந்தது, தெற்கு மாநிலங்களில் அதனோடு பிணைந்திருந்த வங்கிகளும் சேர்ந்து விழுந்தன. டிசம்பரில் நியூயார்க்கில் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ். பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று எழுதிவிடாதீர்கள், அது யூதக் குடியேறிகள் நிறையப் பேர் சிறுசேமிப்பு போட்டிருந்த ஒரு தனியார் வங்கி. 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி ஆட்டம் கண்டது, ஜூனில் ஹூவர் போர்க்கடனையும் இழப்பீட்டையும் ஓராண்டுக்கு நிறுத்திவைக்க முன்மொழிந்தார். செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்திருந்த ஏற்பாட்டை விட்டு விலகியது. அடுத்தது அமெரிக்காவா என்ற பயத்தில் தங்கம் வெளியேற, அக்டோபரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் நியூயார்க் பிரிவு) வட்டியை ஒன்றரை சதவீதத்திலிருந்து ஒரே வாரத்தில் மூன்றரைக்குக் கொண்டுபோனது. அந்த மாதம் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடின. டாலரின் தங்க மதிப்பைக் காப்பாற்ற, ஏற்கெனவே மூச்சுவிட முடியாமல் இருந்த கடன்காரர் கழுத்தை இன்னும் இறுக்கினார்கள். மொத்தத்தில் 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் போயின, நாட்டின் பண இருப்பில் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. காப்பீடு இல்லாத காலம், வங்கி மூடினால் சேமிப்பு முழுதாகத் திரும்பும் என்று நம்ப வழியில்லை.

இங்கே புள்ளிவிவரத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். 1938-இல் வேலையின்மை 19 சதவீதம் என்று ஒரு புத்தகத்திலும் 12.5 சதவீதம் என்று இன்னொன்றிலும் பார்ப்பீர்கள். இரண்டும் அச்சுப் பிழை இல்லை. அரசின் நிவாரண வேலைத் திட்டங்களில் சம்பளம் வாங்கியவர்களை வேலையற்றவர்கள் கணக்கில் சேர்த்தார் பொருளாதார அறிஞர் லெபர்காட், அவர்களை வேலை உள்ளவர்களாக எண்ணினார் இன்னொரு பொருளாதார அறிஞர் டார்பி. மாதாந்திர மாதிரிக் கணக்கெடுப்பு 1940-இல்தான் ஒழுங்காக வந்தது, அதற்கு முந்தையவை பின்னாளில் மதிப்பிட்டவை. ஆகவே ஒரு ஆண்டுக்கு ஒருவர் கணக்கையும் இன்னொரு ஆண்டுக்கு மற்றவர் கணக்கையும் கலந்து 'நியூ டீல் வென்றது' என்றோ 'தோற்றது' என்றோ எழுத வேண்டாம். நியூ டீல் பற்றிய பாதிச் சண்டை இந்த ஒரு எண்ணில்தான் ஓடுகிறது.

ஒரே ஒரு வாரத்தை நெருக்கமாகப் படியுங்கள்

எல்லா ஆண்டையும் சமமாகப் படிக்க நேரம் இருக்காது. ஒரு வாரத்தை மட்டும் ஆழமாகப் படிக்க முடியும் என்றால் 1933 மார்ச்சை எடுங்கள். 1932 நவம்பர் 8-இல் ரூஸ்வெல்ட் வென்றார், ஆனால் அன்றைய அரசியல் சட்டப்படி மார்ச் 4 வரை பதவியேற்க முடியாது. அந்த நான்கு மாதங்கள் நாட்டுக்குத் தலையே இல்லாதது போல இருந்தது. பிப்ரவரி 14-இல் மிச்சிகன் ஆளுநர் தன் மாநில வங்கிகளை மூடினார், பயம் மாநிலம் மாநிலமாகத் தாவியது, பதவியேற்பு நாளுக்குள் பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடியோ கட்டுப்பாட்டிலோ இருந்தன. மார்ச் 6-இல் நாடு முழுவதும் வங்கி விடுமுறை. 9-ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. 12-ஆம் தேதி ஞாயிறு இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார்.

அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கால் மணி நேரத்துக்கும் குறைவு, அவசியம் கேளுங்கள். நீங்கள் வங்கியில் போடும் பணத்தை அவர்கள் பெட்டிக்குள் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுக்கிறார்கள், அதனால் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்பதிலிருந்து தொடங்கி, நாளை எந்த ஊர் வங்கிகள் திறக்கும், மறுநாள் எவை என்று படிப்படியாகச் சொல்கிறார். அலங்காரம் இல்லை. திங்கட்கிழமை வங்கிகள் திறந்தபோது மக்கள் பணத்தை எடுக்க வரவில்லை, திருப்பிப் போட வந்தார்கள். கொள்கை, சட்டம், தொழில்நுட்பம், பொதுமக்கள் மனநிலை நான்கும் ஒரே இடத்தில் சந்திப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாரம் அந்த இருபது ஆண்டுகளில் வேறு இல்லை. அதே ஆண்டு ஜூனில் வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமாகி, 1934 ஜனவரி 1 முதல் 2,500 டாலர் வரை பாதுகாப்பு வந்தது.

நியூ டீலின் மற்ற திட்டங்களை எழுத்துச் சுருக்கப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யாருடைய கடனை இது இலகுவாக்கியது? யார் இதற்கு வெளியே நின்றார்கள்? இரண்டாவது கேள்விதான் சமூக வரலாற்றின் வாசல். 1933-இல் விலையைத் தூக்குவதற்காக ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள், சுமார் 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள், மக்கள் பட்டினி கிடந்த நேரத்தில். உற்பத்தியைக் குறைத்ததற்கான பணம் நில உடைமையாளர் கைக்குப் போனது. தெற்கில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பங்களுக்கு, கறுப்பர் வெள்ளையர் இரு தரப்புக்கும், பணமும் சரியாகப் போய்ச் சேரவில்லை, நிலம் தரிசானதால் வேலையும் போனது. 1934-இல் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் இரு இனத்தவரும் சேர்ந்து தெற்கு வாரக் குடியானவர்கள் சங்கம் அமைத்தார்கள். 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டது. கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். காங்கிரசில் முக்கியக் குழுக்களின் தலைமை, கறுப்பர்களுக்குச் சம உரிமையை எதிர்த்த தெற்கு ஜனநாயகக் கட்சியினர் கையில் இருந்ததை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. அப்படியும் 1936-இல் வடக்கு நகரங்களின் கறுப்பின வாக்குகள் லிங்கனின் குடியரசுக் கட்சியை விட்டு ரூஸ்வெல்ட்டுக்கு வந்தன, ஏனென்றால் கிடைத்தது குறைவு என்றாலும் அதற்கு முன் எதுவுமே கிடைத்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே பதிலில் எழுதுங்கள். ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

சமூகச் சட்டங்களை எல்லைக்கு வெளியேயும் தேடுங்கள்

1920 கணக்கெடுப்பில் முதல்முறையாக நகரங்களில் வாழ்ந்தோர் பாதியைத் தாண்டினார்கள். கிராமப்புறப் பிரதிநிதிகளுக்கு அது பிடிக்கவில்லை, அந்தக் கணக்கின்படி பிரதிநிதிகள் சபை இடங்களை மறுபங்கீடு செய்யாமலே அந்தப் பத்தாண்டு முழுவதும் கழிந்தது. மதுவிலக்கு, வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தது, 1925-இல் டென்னசியின் டேட்டன் ஊரில் பரிணாமக் கொள்கையைச் சொல்லிக் கொடுத்ததற்காக ஒரு ஆசிரியர் மீது நடந்த வழக்கு, இவற்றை எல்லாம் அந்த நகர-கிராம இழுபறிக்குள் வைத்துப் படித்தால் சீக்கிரம் பிடிபடும். மதுவிலக்கு 1933-இல் ஏன் போனது என்பதற்கு ஒழுக்கக் காரணங்களோடு வரி வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கஜானா காலியாக இருந்த நேரத்தில் மதுவரி பெரிய ஈர்ப்பு.

ஆனால் நான் நீண்ட நேரம் நிற்கச் சொல்வது 1924 குடியேற்றச் சட்டத்தில். 1890 கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம்தான் இனி ஆண்டுதோறும் வரலாம். ஏன் அவ்வளவு பழைய கணக்கு? 1890-க்குப் பிறகுதான் இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருமளவில் வந்தார்கள், அவர்களைக் குறைப்பதுதான் நோக்கம். போருக்கு முன் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்த இத்தாலியர்களுக்கு ஒதுக்கீடு 3,845 ஆனது. குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லி ஆசியர்களை அடியோடு தடுத்தது. இந்தியர்களும் அதில் அடக்கம், பகத் சிங் திண்ட் வழக்கில் 1923-இலேயே உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. ஜப்பானில் இது பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1921-22 வாஷிங்டன் மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் மூன்றின் போர்க்கப்பல்களை 5:5:3 விகிதத்தில் கட்டுப்படுத்தி டோக்கியோவோடு உறவைச் சீராக்கியிருந்த வெளியுறவுச் செயலர் ஹியூஸ், ஆசியர்களைத் தடுக்கும் இந்தப் பிரிவு வேண்டாம் என்று எதிர்த்தும் காங்கிரஸ் கேட்கவில்லை.

இப்போது கோட்டில் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப் போங்கள். 1939 மே மாதம் 937 பயணிகளோடு, பெரும்பாலும் ஜெர்மன் யூதர்கள், செயின்ட் லூயிஸ் கப்பல் ஹவானா போய்ச் சேர்ந்தது. கியூபா 28 பேரை மட்டும் இறக்கியது. கப்பல் ஃபுளோரிடா கரைக்கு அருகே வந்து காத்திருந்தது. ஜெர்மனிக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 27,370, வரிசையில் முன்னால் காத்திருப்பவர்கள் பல ஆண்டுகளுக்கு இருந்தார்கள், உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள் என்பதே பதில். கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது, அதில் 254 பேர் பின்னர் நாஜிகளின் படுகொலையில் இறந்தார்கள். 1924 சட்டத்தைச் 'சமூகம்' என்ற தலைப்பில் மட்டும் படித்தவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

'தனித்திருத்தல்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

செனட், ஜெர்மனியோடு போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையை 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் நிராகரித்தது, அமெரிக்கா சர்வதேசச் சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) சேரவில்லை, எல்லாம் சரி. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்க மரைன் படை ஹைட்டியில் இருந்தது, 1915-இல் போனவர்கள் 1934-இல்தான் திரும்பினார்கள். நிகரகுவாவில் 1933 வரை. ஐரோப்பாவில் டாஸ் திட்டமும் 1929-இல் இழப்பீட்டை மறுபடி சீரமைத்த யங் திட்டமும் அமெரிக்கர்கள் தலைமையில் எழுதப்பட்டவை. போர் வாக்குறுதி தர மாட்டோம், ஆனால் கடன் கொடுப்போம், வசூலிப்போம், பக்கத்துக் கரீபியத்தில் படையும் வைத்திருப்போம் என்பதே நடைமுறை. ரூஸ்வெல்ட் காலத்தில் 'நல்ல அண்டை வீட்டார்' கொள்கையில் படைகள் திரும்பின, 1934-இல் கியூபாவில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை கொடுத்த பிளாட் திருத்தம் நீக்கப்பட்டது.

1930-களின் நடுநிலைச் சட்டங்கள் புரிய வேண்டுமென்றால் மறுபடி வட்டத்தை எடுங்கள். ஹூவரின் ஓராண்டு நிறுத்தம் முடிந்ததும் 1932 டிசம்பரில் பிரான்ஸ் தவணை கட்டவில்லை, பிரிட்டனும் 1934-இல் நிறுத்திவிட்டது. விடாமல் கட்டிய நாடு பின்லாந்து மட்டும்தான். வீட்டில் வேலையில்லாமல் தவித்த அமெரிக்கருக்கு இது எப்படிப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1932 கோடையில் முதல் உலகப் போர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாஷிங்டன் வந்து, 1945-இல் தருவதாகச் சொன்ன போனஸை இப்போதே கொடுங்கள் என்று கேட்டு முகாமிட்டார்கள், ஜூலை 28-இல் மெக்ஆர்தர் தலைமையில் படை அவர்களை விரட்டியது. நம் வீரர்களுக்குப் பணம் இல்லை, ஐரோப்பா வாங்கிய பணத்தையும் திருப்பித் தரவில்லை. 1934 ஏப்ரலில் ஜான்சன் சட்டம் வந்தது: கடன் கட்டாத அரசுகளுக்கு அமெரிக்காவில் புதுக் கடன் திரட்டத் தடை. அதே ஆண்டு செனட்டர் நை தலைமையிலான குழு, ஆயுத வியாபாரிகளும் வங்கியாளர்களும்தான் 1917-இல் நாட்டைப் போருக்குள் இழுத்தார்களா என்று விசாரிக்கத் தொடங்கியது. அந்தக் கோபத்திலிருந்து 1935-இல் ஆயுத ஏற்றுமதித் தடை, 1936-இல் போரிடும் நாடுகளுக்குக் கடன் தடை, 1937-இல் ரொக்கம் கொடுத்து உன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போ என்ற ஏற்பாடு, எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பிரிவும் முந்தைய போரின் ஒரு தவறை அடைக்கப் போட்டது. வரப்போகும் போர் வேறு மாதிரியானது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் பார்க்கவில்லை.

இதற்கான மூலங்கள் வீட்டிலிருந்தே கிடைக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் அந்தக் கால ஆவணத் தொகுதிகளை ஆண்டு வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது, செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வின் 'ஃபிரேசர்' தளத்தில் அன்றைய வங்கி அறிக்கைகள் உள்ளன, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களும் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும் இருக்கின்றன. படங்களைப் பார்க்கும்போது புகழ்பெற்ற ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் ஒரே மாவட்டத்தில் எடுத்தவற்றை வரிசையாகப் பாருங்கள், கடையின் பலகை, விலைப் பட்டியல், பிள்ளைகளின் செருப்பு என்று புத்தகம் சொல்லாதவை நிறையத் தெரியும்.

கடைசியாகப் படிக்க வேண்டியது 1940 டிசம்பர் 17 அன்று ரூஸ்வெல்ட் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பின் எழுத்துப் படி. பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. ஆயுதத் தடையை நீக்கி 1939-இல் திருத்திய நடுநிலைச் சட்டம் ரொக்கம் கொடுத்தால்தான் ஆயுதம் என்று சொல்கிறது, கடன் கொடுக்கலாம் என்றால் ஜான்சன் சட்டம் குறுக்கே நிற்கிறது. அங்கே அவர், பக்கத்து வீடு எரிந்தால் என் தோட்டக் குழாயைக் கொடுப்பேன், முதலில் பதினைந்து டாலரை எடு என்று கேட்க மாட்டேன், தீ அணைந்ததும் குழாய் திரும்ப வந்தால் போதும் என்கிறார். டாலர் கணக்கையே இதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறார். 1941 மார்ச் 11-இல் லெண்ட்-லீஸ் சட்டம் கையெழுத்தானது, பணமாகக் கடன் கொடுக்காமல் பொருளாகவே கொடுக்கும் ஏற்பாடு. அந்த எழுத்துப் படியை வட்டம் வரைந்த தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் நேராக 1919-க்குப் பிறகு நடந்த எந்த நிகழ்ச்சி நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள்.